மார்ட்டின்: போர்க் கடவுளின் பெயர் குடியானவன் வீட்டுக்கு வந்த கதை

பத்திரிகைக் காரியாலயத்தில் வெளிநாட்டுச் செய்தி மேசையில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். செய்தியிலுள்ள சம்பவத்தைக் காட்டிலும், அதில் வரும் ஆட்பெயர்களை எவ்வாறு தமிழில் எழுதுவது என்பதிலேயே மனம் கூடுதலாகச் சுழலும். போலந்துச் செய்தியில் ஒரு மார்ச்சின் வருவார். டென்மார்க்கிலிருந்து மோர்டன், ஹங்கேரியிலிருந்து மார்டோன், பின்லாந்திலிருந்து மார்ட்டி, லற்வியாவிலிருந்து மார்ட்டின்ஷ், ஸ்பெயினிலிருந்து மார்ட்டினெஸ். ஒலியால் வேறுபட்டு நிற்கும் இவர்கள் அனைவரும் ஒரே லத்தீன் பெயரின் பேரப்பிள்ளைகளே. அப்பெயர் மார்ட்டினுஸ்.

உரோமரின் போர்க் கடவுள் மார்ஸ். லத்தீன் இலக்கணப்படி ‘மார்ஸ் உடைய’ என்பதற்கு மார்ட்டிஸ் என்பர். அதனடியாகப் பிறந்தது மார்ட்டினுஸ். ‘மார்ஸ் கடவுளைச் சார்ந்தவன்’ என்பது பொருள். மார்ச் மாதமும் அக்கடவுளின் பெயரையே சுமக்கிறது. செந்நிறக் கோளுக்கும் அவர் பெயரையே உரோமர் இட்டனர்; அக்கோளின் நாளைப் பிரெஞ்சுக்காரர் ‘மார்டி’ என்றும், ஸ்பானியர் ‘மார்ட்டெஸ்’ என்றும் இன்றும் வழங்குகின்றனர். நாம் செவ்வாய்க்கிழமை என்பதும் அதே கோளின் நாளைத்தான். ஆக, சொற்பொருளை மட்டும் கொண்டு தமிழாக்கப் புகுந்தால், மார்ட்டின் என்பவர் ‘செவ்வாயன்’ ஆகிவிடுவார்.

பெயர்கள் பேரரசுகளின் பின்னால் பரவுகின்றன என்று பொதுவாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. உரோம ஆதிக்கம் உச்சத்தில் நின்ற காலத்தில் எங்கும் ஒலித்த பெயர்களுள் ஒன்று கையுஸ். யூலியஸ் சீசரின் சொந்தப் பெயரும் அதுவே. இன்று ஐரோப்பாவில் அப்பெயரைத் தாங்கியவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மார்ட்டினுஸ் என்பதோ அக்காலத்தில் சாதாரணமான ஒரு துணைப்பெயர். அதன் கிளைப் பெயரான மார்ட்டினியானுஸ் என்பதைக் கொண்ட ஒருவர் 324ஆம் ஆண்டில் சில மாதங்கள் இணைப் பேரரசராக இருந்து வீழ்ந்தார் என்பதற்கு மேல் அரச வரலாற்றில் அதற்குப் பெரிய இடமில்லை. உரோமப் பேரரசு மேற்கில் சரிந்து மறைந்த பின்னரே இப்பெயர் கண்டமெங்கும் நடக்கத் தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரேயொரு மனிதர். அவரும் படையை விட்டு விலகியவர்.

தூர் நகரத்து மார்ட்டின் பிறந்த இடம் பன்னோனியா மாகாணத்து சவாரியா. இன்றைய ஹங்கேரியின் சோம்பொத்தேய் நகரம். பிறந்த ஆண்டு 316 என்று ஒரு சாராரும் 336 என்று மற்றொரு சாராரும் கூறுவர். தந்தை படை அதிகாரி. படைவீரர் குடும்பம் தன் பிள்ளைக்குப் போர்க் கடவுளின் பெயரை இட்டதில் வியப்பில்லை. வட இத்தாலியில், இன்று பாவியா எனப்படும் ஊரில் வளர்ந்த சிறுவன் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டான். படைவீரரின் பிள்ளைகள் படையிலேயே சேர வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஆகவே 15 வயதில் கட்டாயத்தின் பேரில் குதிரைப்படையில் சேர்க்கப்பட்டான்.

அதன் பின் நடந்தது ஐரோப்பியத் தேவாலயச் சுவர்களில் ஆயிரம் முறை தீட்டப்பட்ட காட்சி. வடபிரான்ஸின் அமியேன் நகர வாயிலில், கடுங்குளிரில், உடுக்க உடையின்றி நின்ற ஏழை ஒருவனைக் கண்ட மார்ட்டின், வாளை உருவித் தமது மேலங்கியை இரண்டாக வெட்டிப் பாதியை அவனுக்குப் போர்த்தினார். அரை அங்கியோடு நின்ற வீரனைக் கண்டு சுற்றி நின்றோரில் சிலர் சிரித்தனர் என்கிறது அவரது சரிதம். எனக்கு இக்கதையில் மிகவும் நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது அந்தச் சிரிப்புத்தான்.

ஆயினும் மேலங்கிக் கதையைவிடப் பாரதூரமானது அதற்கடுத்த சம்பவம். றைன் நதிக்கரையில், இன்றைய ஜேர்மனியின் வோர்ம்ஸ் நகரில், பிற்காலத்தில் பேரரசராகிய யூலியன் தம் படையினருக்குச் சன்மானம் வழங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். மார்ட்டினின் முறை வந்தபோது அவர் பணத்தை வாங்கவில்லை; படையிலிருந்து விடுதலை கேட்டார். தாம் இனி வேறொரு தலைவரின் வீரன் என்றும் போரிடுவது தமக்குத் தகாது என்றும் கூறினார். மறுநாள் போருக்கு அஞ்சியே இவன் இவ்வாறு பேசுகிறான் என்று யூலியன் சினந்தார். அப்படியாயின் நாளை ஆயுதமோ கவசமோ இன்றி முன்னணியில் நிற்கிறேன் என்றார் மார்ட்டின். காவலில் வைக்கப்பட்டார். விடிந்தபோது எதிரிகள் சமாதானத் தூது அனுப்பினர். இதை எழுதியவர் மார்ட்டினின் பரம அபிமானி. எனவே அந்தத் தூதின் பொருத்தத்தை வரலாற்றாசிரியர்கள் ஐயுறுவது நியாயமே. ஆயின் போர்க் கடவுளின் பெயரைத் தாங்கிய ஒருவர் போர் மறுத்தார் என்ற நினைவு அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுத்தில் பதிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

பின்னர் லிகுஜே என்னுமிடத்தில் துறவு மடமொன்றை நிறுவினார். 371இல் தூர் நகர மக்கள் அவரை வலிந்து ஆயராக்கினர். ஆயரான பின்பும் அவர் அரசின் வாளை நம்பவில்லை. பிரிசில்லியன் என்ற ஸ்பானியச் சமயத் தலைவர்மீது கொள்கைக் குற்றம் சாட்டப்பட்டு திரியர் நகரில் வழக்கு நடந்தபோது, இரத்தம் சிந்தலாகாது என்று பேரரசர் மக்சிமுஸிடம் மன்றாடி வாக்குறுதியும் பெற்றார். அவர் நகரை விட்டு அகன்றதும் வாக்குறுதி காற்றில் போயிற்று. 385ஆம் ஆண்டளவில் பிரிசில்லியனும் அவரைச் சார்ந்தோரும் கொல்லப்பட்டனர். கிறிஸ்தவ அரசொன்று கொள்கை வேறுபாட்டின் பேரில் வழங்கிய முதல் மரண தண்டனை என வரலாற்று நூல்கள் இதனையே குறிப்பிடும். குற்றம் சாட்டிய ஆயர்களோடு உறவு வைத்துக்கொள்ள மார்ட்டின் மறுத்தார். வேறு சிலரின் உயிரைக் காக்க ஒருமுறை இணங்க நேர்ந்ததை எண்ணி இறுதிவரை வருந்தினார்.

இம்மனிதரின் பெயர் பரவியதற்கு முதற் காரணம் ஒரு புத்தகம். சுல்பீசியுஸ் செவேருஸ் என்ற செல்வந்த வழக்கறிஞர், மார்ட்டின் உயிரோடிருக்கும்போதே அவரது சரிதத்தை எழுதினார். நண்பர்கள் அதை உரோமுக்குக் கொண்டு சென்றதும், வேறெந்த நூலும் இவ்வளவு விலைபோகவில்லை என்று நூல் வணிகர்கள் மகிழ்ந்தார்களாம். இதைச் சொல்பவரும் சுல்பீசியுஸ்தான். தம் நூலின் விற்பனையைத் தாமே எழுதிக்கொள்ளும் ஆசிரியர்கள் அன்றும் இருந்தனர்!

397ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, இரு நதிகள் கூடும் காந்த் என்ற கிராமத்தில் மார்ட்டின் காலமானார். உடலுக்கு உரிமை கோரி இரு ஊரார் வந்து குவிந்தனர். அவர் துறவியானது எங்களிடம் என்றனர் புவாத்தியேக்காரர். எங்கள் ஆயர் எங்களுக்கே என்றனர் தூர் மக்கள். வாக்குவாதம் இரவு வரை நீண்டது. நள்ளிரவில் புவாத்தியேக்காரர் கண்ணயர்ந்தபோது, தூர் மக்கள் உடலைச் சாளரத்தின் வழியாக வெளியே இறக்கி, படகிலேற்றி, லுவார் நதி வழியே பாடிக்கொண்டு சென்றுவிட்டனர். அப்பாட்டொலி கேட்டே மற்றவர்கள் விழித்தெழுந்தனர் என்று பிற்காலத்தில் அதே நகரில் ஆயராயிருந்த கிரகரி எழுதுகிறார். 11ஆம் திகதி நல்லடக்கம் நிகழ்ந்தது. அந்த நாள் பின்னர் கண்டம் முழுவதன் நாட்காட்டியிலும் ஏறிற்று.

இனி வருவது வரலாற்றின் குரூரமான வேடிக்கை. போர் மறுத்தவரைப் போரிடும் மன்னர்கள் தங்கள் காவலராக்கிக்கொண்டனர். பிராங்கிய மன்னன் குளோவிஸ் 507இல் விசிகோத்தியர்மீது படையெடுத்தபோது, தூர் பகுதியில் புல்லும் நீரும் தவிர எதையும் தொடலாகாது என்று ஆணையிட்டான். ஏழை ஒருவனின் வைக்கோலைப் ‘புல்தானே’ என்று பறித்த வீரனை அவ்விடத்திலேயே வெட்டினான். மார்ட்டினைப் பகைத்தால் வெற்றி கிட்டாது என்பது அவன் கணக்கு. பின்வந்த மன்னர்கள் மார்ட்டினின் மேலங்கி எனக் கருதப்பட்ட துணியை அரச உடைமையாக வைத்துக் காத்தனர். அதன்மீது சத்தியம் வாங்கினர். போர்க்களத்துக்கும் கொண்டு சென்றனர். லத்தீனில் ‘கப்பா’ என்றால் மேலங்கி. ‘கப்பெல்லா’ என்றால் சிறு மேலங்கி. அதைக் காத்த குருமார் ‘கப்பெல்லானி’ எனப்பட்டனர். அது வைக்கப்பட்ட இடத்துக்கும் கப்பெல்லா என்றே பெயராயிற்று. சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சப்பல்’ என்ற ஆங்கிலச் சொல்லும், படையணிகளுக்கு ஊழியம் செய்யும் குருவைக் குறிக்கும் ‘சப்லின்’ என்ற சொல்லும், வாத்தியமின்றிப் பாடுவதைக் குறிக்கும் இத்தாலியத் தொடரும் அந்தத் துணியிலிருந்து வந்தவையே. 732இல் அரபுப் படைகள் வடக்கு நோக்கி வந்ததும் தூர் தேவாலயத்தின் செல்வத்தை நாடித்தான். அவர்களை எதிர்த்து நின்ற சார்ள்ஸ் மார்ட்டெலின் பெயரை மார்ட்டினோடு குழப்புவோர் உளர். அது சம்மட்டி என்று பொருள்படும் பட்டப்பெயர், தொடர்பில்லாதது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கியை எடுத்துக்கொண்ட பிரெஞ்சு மன்னர்கள் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. குளோவிஸ், சார்ள்ஸ், லூயி, பிலிப், ஹென்றி எனப் பலர் அந்த அரியணையில் அமர்ந்தனர். ஒரு மார்ட்டின் கூட அமரவில்லை. ஐரோப்பிய அரசர்களில் அப்பெயர் மிக அரிது. ஸ்பெயினின் அரகோன் நாட்டு மார்ட்டின் 1396 முதல் 1410 வரை ஆண்டார். அவரது மகனாகிய சிசிலி மன்னர் மார்ட்டின் தந்தைக்கு முன்னரே 1409இல் மாண்டார். வாரிசின்றி அந்த வமிசம் முடிந்தது. பெயரைத் தூக்கிச் சுமந்தவர்கள் அரண்மனைக்கு வெளியே இருந்தோர்.

அது எவ்வாறு நடந்தது? முதலில் துறவிகளாலும் யாத்திரிகர்களாலும். இங்கிலாந்தின் கன்ரபரியில், 597இல் உரோமத் தூதுக்குழு வந்திறங்குவதற்கு முன்னரே, பிராங்கிய இளவரசியான பேர்த்தா அரசி வழிபட்ட ஆலயம் புனித மார்ட்டின் பெயரில் இருந்தது. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. அயர்லாந்து மக்களோ புனிதரின் பெயரை நேரே இடாமல் ‘மார்ட்டினின் பணியாளன்’ எனப் பொருள்படுமாறு இட்டனர். கில்மார்ட்டின் என்ற குடும்பப் பெயர் அவ்வாறு வந்ததே. முருகதாசனையும் சிவதாசனையும் அறிந்த நமக்கு அம்மனப்பாங்கை விளக்கத் தேவையில்லை.

ஐபீரியத் தீபகற்பத்தில் பெயரைப் பரப்பிய மற்றொரு மார்ட்டினைத் தனியே சொல்ல வேண்டும். இவரும் பன்னோனியாவிலேயே பிறந்து, 550ஆம் ஆண்டளவில் இன்றைய வடபோர்த்துக்கல் பகுதிக்கு வந்து, பிராகா நகரின் ஆயரானவர். கிழமைகளைப் பழைய தெய்வங்களின் பெயரால் அழைப்பதை அவர் வன்மையாகக் கண்டித்து எழுதினார். மேற்கு ஐரோப்பிய லத்தீன் வழி மொழிகளில் போர்த்துக்கேயத்தில் மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை ‘இரண்டாம் நாள், மூன்றாம் நாள்’ என எண்ணாலேயே இன்று வழங்குவதற்கு மரபு அவரைத்தான் காரணமாகச் சொல்கிறது. செவ்வாயை நாட்காட்டியிலிருந்து துரத்தியவர் செவ்வாயின் பெயரையே தாங்கியவர். அவர் இதனை எண்ணிப் புன்னகைத்தாரா?

அந்தப் போர்த்துக்கேய வடிவமே எம் கரையையும் எட்டிற்று. 1542 முதல் 1545 வரை கோவாவில் ஆளுநராயிருந்த மார்ட்டிம் அபோன்சோ டி சூசா, யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனிடம் படைபலம் காட்டித் திறைக்கு உடன்பட வைத்தவர். போர் மறுத்தவரின் பெயர் இங்கே போர்க்கப்பலில்தான் வந்தது.

பாப்பரசர்களிடையே இப்பெயர் பட்ட பாடு ஒப்புநோக்காளர்களுக்குப் பிடிக்கும். முதலாம் மார்ட்டின் 649இல் பாப்பரசரானார். சமயக் கொள்கையில் பேரரசருக்குப் பணிய மறுத்ததால் 653இல் கைதுசெய்யப்பட்டு, கருங்கடற்கரையின் கெர்சோனுக்கு நாடுகடத்தப்பட்டு 655இல் இறந்தார். அதன் பின் 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் மரீனுஸ் என்ற பெயரில் இருவர் பாப்பரசராயினர். பட்டியல் எழுதியோர் மரீனுஸை மார்ட்டினுஸ் என வாசித்துவிட்டனர். 1281இல், தூர் நகரத்து மார்ட்டின் தேவாலயத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் பாப்பரசராகி அப்பெயரைத் தெரிந்தபோது, உண்மையில் இரண்டாமவராகிய அவர் நான்காம் மார்ட்டின் ஆனார். பிழை திருத்தப்படவில்லை. பாப்பரசர் பதவிக்கு மூவர் ஒரே வேளையில் உரிமை கோரிய நீண்ட பிளவை முடிக்க 1417இல் கொன்ஸ்தான்ஸ் நகரில் தெரிவானவர் ஐந்தாம் மார்ட்டின். தெரிவான நாள் நவம்பர் 11. பெயருக்குக் காரணம் அந்த நாளே.

அந்த நாள்தான் குடியானவன் வீட்டுக்கு இப்பெயரைக் கொண்டு சென்றது என்பது என் கருத்து. நவம்பர் 11 ஐரோப்பிய உழவனின் கணக்கு நாள். அறுவடை முடிந்திருக்கும். நிலக் குத்தகையும் வரியும் அன்று செலுத்தப்படும். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பண்ணைத் தொழிலாளரின் ஆண்டு ஒப்பந்தம் அந்நாளையொட்டி முடிந்து புதிதாகத் தொடங்கும். குளிர்காலத்தில் தீவனமிட முடியாத கால்நடைகள் அப்போது அறுக்கப்படும். புது வைன் திறக்கப்படும். நத்தாருக்கு முந்திய நீண்ட நோன்பு மறுநாள் தொடங்குவதால் அன்று வயிறார உண்பதும் மரபாயிற்று. குத்தகையாக வாத்துக்களைக் கொடுப்பதும், வாத்து சமைப்பதும் அந்நாளோடு ஒட்டிக்கொண்டன. பதவிக்கு அஞ்சி ஒளிந்திருந்த மார்ட்டினை வாத்துக்கள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்ற கதை பிற்காலத்தில் கட்டப்பட்டது. சமையலுக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

அந்நாளையொட்டிப் பிறந்த பிள்ளைக்கு அந்நாளின் பெயரை இடுவது இயல்பாயிற்று. ஜேர்மனியின் ஐஸ்லேபனில் 1483ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி இரவு ஒரு குழந்தை பிறந்தது. மறுநாள் திருமுழுக்கு, மறுநாளின் புனிதர் மார்ட்டின். குழந்தை மார்ட்டின் லூதர் ஆனது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சர் பிறந்தது 1491 நவம்பர் 11. லூதரின் கொள்கைகளை அடுத்த தலைமுறையில் ஒழுங்குபடுத்திய மார்ட்டின் கெம்னிட்ஸ் பிறந்தது 1522 நவம்பர் 9. புனிதர் வணக்கத்தை எதிர்த்தவர்களின் பெயர்களையே புனிதர் நாட்காட்டி இட்டிருக்கிறது.

இதனால் விளைந்தது விந்தை. சீர்திருத்தம் பரவிய நாடுகளில் பல புனிதர்களின் விழாக்கள் மங்கின. மார்ட்டின் என்ற பெயர் மங்கவில்லை. அதற்கு இப்போது இரண்டு உரிமையாளர்கள். டென்மார்க்கிலும் தென்சுவீடனிலும் நவம்பர் 10 இரவு வாத்து விருந்து நீடித்தது. எஸ்தோனியாவில் சிறுவர்கள் வேடமணிந்து வீடு வீடாகச் செல்லும் வழக்கம் அந்நாளுக்கு உரியது. மறுபுறம், மூல இடமாகிய தூரிலோ 1562இல் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் புனிதரின் எச்சங்களை எரித்தனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயமே பாழடைந்து, அதன்மீது தெரு போடப்பட்டது. 1860இல்தான் கல்லறை இருந்த இடம் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

பெயர் மிகப் பொதுவானதாகியதற்கு நிரூபணம் குடும்பப் பெயர்களில் இருக்கிறது. பிரான்ஸில் மிக அதிகமானோர் கொண்ட குடும்பப் பெயர் மார்ட்டினே. ஸ்பெயினில் மார்ட்டினெஸ் முன்வரிசையில் நிற்கிறது. டேனிய மோர்டென்சன், பிளெமிய மேர்ட்டென்ஸ், இத்தாலிய மார்ட்டினெல்லி ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் எங்கோ ஒரு கிராமத்தில் இருந்த ஒரு மார்ட்டின். பிரெஞ்சு நாட்டார் வழக்கில் கழுதைக்கும் கரடிக்கும் கூட மார்ட்டின் என்ற பெயர் உண்டு. நாம் குப்பன், சுப்பன் என்பது போல அது எவருக்கும் உரிய பெயராயிற்று.

20ஆம் நூற்றாண்டில் இது பெற்ற சில வாழ்வுகளையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1929இல் மைக்கல் என்ற பெயரோடு பிறந்த கறுப்பின மதகுருவின் மகன், தந்தை 1934இல் ஜேர்மனி சென்று லூதரின் ஊர்களைக் கண்டு திரும்பிய பின் மார்ட்டின் லூதர் கிங் ஆனார். ஆயுதமின்றி முன்னணியில் நிற்பதாகச் சொன்ன வீரனின் பெயர் லூதர் வழியாகச் சுற்றி அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் தந்தை லூதரைத்தான் நினைத்தார். தூர் ஆயரை அல்ல.

எம் நாட்டில், கொக்கலையின் பௌத்தக் குடும்பமொன்றில் 1890இல் பிறந்து சிங்கள நாவலின் தலைமகனாகவும் ‘தினமின’ பத்திரிகையின் ஆசிரியராகவும் விளங்கியவரின் பெயர் டொன் மார்ட்டின் விக்கிரமசிங்க. ‘டொன்’ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ‘மார்ட்டின்’ என்ற வடிவமோ போர்த்துக்கேய மார்ட்டிம் அல்ல. பின்வந்த ஆட்சியாளரின் உச்சரிப்பு அது. ஒரே மனிதரின் பெயரில் தென்னிலங்கையின் மூன்று காலங்கள் படிந்திருக்கின்றன.

பின்லாந்தின் ஜனாதிபதியாயிருந்த மார்ட்டி அத்திசாரியை எமது வாசகர்கள் அறிவர். 2004 ஆழிப்பேரலையில் எம்மைப் போலவே, எம்மைவிடக் கொடூரமாகவே, அடிபட்ட அச்சே மாகாணத்தின் கிளர்ச்சியாளரையும் இந்தோனேசிய அரசையும் ஒரே மேசையில் இருத்தி, 2005 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஹெல்சிங்கியில் ஒப்பமிட வைத்தவர் அவர். அதே ஆண்டில் இங்கே ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பமிடப்பட்டு, நீதிமன்றத் தடையோடு முடங்கியது. அச்சேயில் துப்பாக்கிகள் வெட்டித் துண்டாக்கப்பட்டன. அத்திசாரி 2008இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்று, 2023இல் காலமானார்.